ஐந்தரை

மறுபடியும் சிவப்பு.

அவள் எழுதிய கோடிங் வரியை ஏற்க முடியாது என்றது மடிக்கணினி. எங்கே தப்பு என்று தெளிவாகச் சொல்ல அதற்குத் தெரியவில்லை.

இருபடிச் சமன்பாட்டின் சூத்திரம். கல்லூரியில் கணக்கு நடத்திய நாட்களில், வகுப்பைப் பார்த்தபடியே கரும்பலகையில் எழுதிவிடுவாள்.

அங்கே 4ac என்று எழுதினால் போதும். யாருக்கும் புரியும். இங்கே ஒவ்வொன்றுக்கும் நடுவே பெருக்கல் குறி போட வேண்டும். கை இன்னும் அதற்குப் பழகவில்லை.

வேலைக்கான இந்தத் தேர்வை மாலைக்குள் அனுப்பினால்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். பையன் பள்ளியிலிருந்து வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

பின்னால் சிவநேசன் வந்து நின்றான். கையில் காபி. மென்பொருள் கம்பெனியில் மேலாளர். மடிக்கணினி அவன் கழித்துப்போட்டது.

அவளை எதுவும் கேட்கவில்லை. கணவனின் கை தோளுக்கு மேலே நீண்டது. பெருக்கல் குறிகளைத் தட்டியது.

வரியின் தொடக்கத்தில் அவள் திறந்துவிட்டு மூட மறந்த அடைப்புக்குறி ஒன்று இருந்தது. அவன் அதை மூடவில்லை. திறந்ததையே அழித்தான்.

சிவப்பு போயிற்று. விடை வந்தது.

5.5.

"இவ்ளோதான். இதுக்கா காலைலேருந்து உக்காந்திருக்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கல்யாணமான புதிதில், நீ வேலைக்குப் போய்த்தான் ஆகணுமா என்று கேட்டபோதும் அப்படித்தான் சிரித்தான்.

கூடத்தில் அவன் தன் அக்காவிடம் போனில் பேசுவது கேட்டது. இவளுக்குக் கோடிங் சொல்லிக்கொடுப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடுகிறதாம். அந்தப் பக்கமும் சிரிப்பு.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வர வேண்டியது 3. மனக்கணக்கிலேயே தெரியும். அடைப்புக்குறி போனதால், முழுவதையும் வகுக்க வேண்டிய இடத்தில் பாதியை மட்டும் வகுத்திருக்கிறது.

தப்பான விடைக்குச் சிவப்பு வருவதில்லை.

வரி முழுவதையும் அழித்தாள். அவன் போட்ட பெருக்கல் குறிகளையும் சேர்த்து. முதலிலிருந்து தட்டினாள். திறந்த ஒவ்வொன்றையும் மூடினாள்.

சிவப்பு.

ஒரு பெருக்கல் குறி விட்டுப்போயிருந்தது. தேடிப் பிடித்துப் போட்டாள்.

3.

அனுப்பும் முன் ஓர் உறுதிமொழி கேட்டது. பிறர் உதவியின்றி நானே செய்தேன். பக்கத்தில் ஒரு கட்டம்.

டிக் செய்தாள். அனுப்பினாள்.

"என்ன, ஒரு தேங்க்ஸ்கூட இல்லையா?" கூடத்திலிருந்து கேட்டான் சிவநேசன்.

சொன்னாள்.