வாசலைப் பார்த்த செருப்புகள்

செருப்புகள் வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

இன்று அவருக்குக் கோபம் வரவில்லை.

வந்த அன்று வந்தது. திருநெல்வேலியிலிருந்து நாலு நாள் அலைந்து ஜப்பானின் இந்தக் கடைக்கோடித் தீவுக்கு வந்து சேர்ந்தவரை, வந்ததும் வராததுமாகக் கிளம்பச் சொல்கிறாளா மருமகள் என்று உள்ளுக்குள் குமுறினார். மறுநாள் ஆறுதல் சொல்ல அடுத்த வீட்டார் தங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். அங்கேயும் அவர் செருப்பை யாரோ அப்படித்தான் திருப்பி வைத்திருந்தார்கள். போகிறவர் சிரமப்படாமல் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். இந்த ஊரில் அதுதான் மரியாதை.

மாட்டிக்கொண்டார்.

உள்ளே மருமகள் நட்சுமி தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். கொதிக்கும் சத்தம் கேட்டது.

அவர் கையில் வெள்ளைத் துணி சுற்றிய சின்னப் பெட்டி. மகன் நயினாரின் அஸ்தியில் பாதி. மீதி அவளிடம். பங்கு பிரித்துக் கொடுத்தவள் அவள்தான். கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஜப்பான்காரியைக் கட்டிக்கொண்டான் என்று ஏழு வருஷம் பேசாமல் இருந்தவர். மகன் போட்ட கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியவர். எந்த முகத்தோடு கேட்பது?

புயல் அன்று படகைக் கட்டப் போனவனைக் கடல் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வீம்பு பிடிக்க ஆள் இல்லை.

சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார்.

சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அறுபத்தெட்டு வயதுக்குள் எத்தனையோ வீடுகளிலிருந்து அப்படித்தான் எழுந்து வந்திருக்கிறார்.

அது அவளுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

துறைமுகத்தில் பாதித் தீவு கூடியிருந்தது. வாரத்துக்கு ஒரு கப்பல். கிளம்பும்போது கரையில் நிற்பவர்கள் வண்ணக் காகிதச் சுருளைக் கப்பலுக்கு வீசுவார்கள். ஒரு முனை அங்கே, ஒரு முனை இங்கே. கப்பல் நகர நகர நாடா நீளும். அறுகிற வரைக்கும் யாரும் கையை விடமாட்டார்கள்.

அவருக்கு வீச யாரும் இல்லை. மேல்தளத்தில் ஓரமாக நின்றார்.

சங்கு ஊதியபோது அவள் ஓடி வந்தாள். வீட்டுக்குள் போடும் செருப்போடு வந்திருந்தாள்.

முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வெறுத்துத்தான் போகிறார் என்று நினைத்திருக்கிறாள். அப்படி இல்லை என்று எந்த மொழியில் சொல்வது? பாவி நான், தேநீரையாவது குடித்துவிட்டு வந்திருக்கலாம்.

சிவப்புச் சுருளை வீசினாள். அது தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதை அவர் மார்போடு சேர்த்துப் பிடித்தார்.

கப்பல் நகர்ந்தது.

"மாமா, போய்ட்டு வாங்க."

தமிழ். நயினாரின் இழுவை அப்படியே இருந்தது. என்றைக்காவது அப்பா வருவார், வழியனுப்பும்போது இப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பான்.

சாவு வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறவரிடம் சொல்லக் கூடாத சொல். பதில் சொல்லவும் கூடாது.

நாடா விறைத்தது.

"வாரேம்மா," என்றார். காற்றில் கேட்டிருக்காது என்று இன்னொரு முறை கத்தினார். "போய்ட்டு வாரேன்."

நாடா அறுந்தது. அவள் உயர்த்திய கையை இறக்கவில்லை.

கரை மறைந்த பிறகு கீழே இறங்கினார். பயணிகள் படுக்கப் பாய் விரித்த பெரிய கூடம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். கழற்றினார். தன் இடத்தைத் தேடிப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தார். பக்கத்தில் சுருட்டிய சிவப்பு நாடா.

பிறகு எழுந்து வந்தார். குனிந்து, செருப்புகளைத் தீவு இருந்த பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்.