மிளகாய் லோடு

கொச்சி மட்டாஞ்சேரி கிடங்கில் மிளகாய் மூட்டை சுமந்துவிட்டு அன்றும் சிவந்த கண்ணோடுதான் வந்தார் மஸ்தான்.

"அழுதீங்களா அத்தா?" என்றாள் மகள் முஹ்சினா.

"மிளகாய் நெடிம்மா."

அவள் தேவரா காலேஜில் சைக்காலஜி படிக்கிறாள். "கிளாஸ்ல ஒரு தியரி சொன்னாங்க. துக்கம் வந்து நாம அழறதில்லையாம். அழறதாலதான் துக்கமே வருதாம்."

"படிச்சவங்களுக்கு வேற வேலையில்ல" என்று அவர் கை கழுவப் போனார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதம் முன்பு அம்மா மவுத்தான சமயம் பார்த்தா அத்தாவை மிளகாய்க்குப் போடுவார்கள்? நாளெல்லாம் கண்ணீர் வடிந்தால் மனசு எப்படித் தேறும்?

மறுநாள் யூனியன் ஆபீசுக்குப் போனாள். கிடங்குகளுக்கு ஆள் பிரித்து அனுப்பும் பைலி சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தாவைப் பழையபடி சுக்குக் கிடங்குக்கே மாத்துங்க அங்கிள். தினமும் அவரையே மிளகாய்க்கு அனுப்பலாமா?"

பைலி கிளாஸைக் கீழே வைத்தார்.

"மோளே, மிளகாய் லோடுன்னா எல்லாரும் ஓடுவானுங்க. அதனால முறை வெச்சுதான் அனுப்புவோம். உங்கம்மா போனப்புறம் வேலைக்கு வந்த அன்னிக்கே, எல்லார் முறையும் எனக்குக் குடுன்னு கேட்டு வாங்கினது உங்கத்தாதான். அங்க யார் கண்ணு வடிஞ்சாலும் ஏன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான்." கிளாஸை மறுபடி கையில் எடுத்து, "நாளைக்கே மாத்தட்டுமா?" என்றார்.

"வேணாம் அங்கிள்."

சாயங்காலம் மஸ்தான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் முந்திக்கொண்டாள்.

"இன்னிக்கு நெடி ஜாஸ்தியா அத்தா?"