எழுபத்து நான்கு கிலோ

எட்டாம் படுக்கைக்காரர் நர்ஸிடம் தன் எடையை மிடுக்காகச் சொன்னார்: எழுபத்து நான்கு கிலோ.

பளு தூக்கும் போட்டியில் பதக்கம் வாங்கிய அன்றைக்கு இருந்த எடை அது. முப்பத்தெட்டு வருடமாக யார் கேட்டாலும் அதேதான்.

காய்ச்சலில் முனகுகிறவரை எழுப்பித் தராசில் ஏற்ற நர்ஸுக்கு மனம் வரவில்லை. சொன்னதை எழுதிக்கொண்டாள். வார்டுக்குப் புதிதாக வந்த டாக்டர் அதை நம்பி ஆன்டிபயாடிக் ஊசிக்கு அளவு போட்டுக் கீழே மருந்தகத்துக்கு அனுப்பினார்.

மருந்து வரவில்லை. போன்தான் வந்தது. கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு டாக்டர் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"எட்டாம் பெட்டுக்கு இந்த அளவு ஜாஸ்தி சார்," என்றாள் மருந்தாளுநர். "அவருக்குக் கிட்னி பாதிதான் வேலை செய்யுது. எடையும் தப்பு. மருந்து வெளியேறாம உடம்புலயே தங்கிட்டா காது போயிடும்."

அந்தக் குரல் கேட்டதும் எட்டாம் படுக்கைக்காரர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"பேஷன்ட்டே வாயால சொன்ன எடைம்மா. நீங்க என்ன, கீழே உட்கார்ந்து ஜோசியம் பாக்கறீங்களா?"

வார்டே சிரித்தது.

"தராசுல ஏத்திப் பாருங்க சார். அதுவரைக்கும் மருந்து மேலே வராது."

போன் வைக்கப்பட்டது. எல்லார் கண்களும் எட்டாம் படுக்கைக்குத் திரும்பின.

'நான் சொன்னது சொன்னதுதான்' என்று ஒரு வார்த்தை போதும். இத்தனை வருட எடை நிற்கும். அவள் மூக்கு உடையும்.

அவர் போர்வையை விலக்கினார். நர்ஸ் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்தபடி நடந்துபோய்த் தராசில் ஏறினார்.

நாற்பத்தொன்பது.

சிரித்தவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். டாக்டர் மறுபடி கணக்குப் போட்டார். மருந்து குறைந்தது. அடுத்த ஊசி ஒன்றரை நாள் தள்ளிப் போனது.

"கணக்கு சரிதான்," என்று டாக்டர் முணுமுணுத்தார். "ஆனா அந்தப் பொண்ணுக்குத் திமிரு கொஞ்சம் ஜாஸ்தி."

தராசிலிருந்து இறங்காமலே, பதக்கத்துக்குக் கழுத்தை நீட்டுகிறவர் போல நிமிர்ந்தார் அவர்.

"என் வளர்ப்பு அப்படி, டாக்டர்."