யானை பார்க்காத நாள்

மிருகக்காட்சிசாலை வாசலில் நின்ற காவலாளியிடம் றபீக்கா முதலில் கேட்டதே யானை எந்தப் பக்கம் என்றுதான்.

"குளத்துக்கு அங்கால, இடது பக்கம்."

பிள்ளைகள் இருவரையும் அவள் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். வாப்பா கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்த இடம் என்று கல்முனையிலிருந்து அடம்பிடித்து வந்த பிள்ளைகள் அவர்கள்.

அதே வளவுக்குள் இருந்த நூதனசாலைப் பக்கம் பழைய காலத்து வீடுகள், தறி, தோணி எல்லாம் இருந்தன. வயல் காவல் பரணைக் கண்டதும் றபீக்கா நிற்காமல் நடந்தாள். பிறகு மானும் முதலையும் குரங்கும் பார்த்தார்கள். ஆறு வயது முர்ஷித் யானையைக் கேட்டுவிடுவானோ என்று அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்கவேயில்லை.

திடீரென்று மரங்களுக்கு அப்பால் ஒரு பிளிறல். முர்ஷித் துள்ளித் திரும்பினான்.

"அது லொறி ஹோன் மகன்," என்றாள் றபீக்கா அவசரமாக.

"ஓம் உம்மா, லொறிதான்," என்றாள் மூத்தவள் நஸ்லா.

இருவரையும் மர வாங்கில் இருத்திவிட்டு றபீக்கா ஐஸ்கிறீம் வாங்கப் போனாள். பிள்ளைகளின் முதுகுப் பக்கமாகத் திரும்பி வரும்போது அவர்களின் பேச்சு கேட்டது.

"ராத்தா, அது ஆனைதானே?"

"ஓம். உம்மாட்ட கேட்டிராத. வாப்பா நெஞ்சு வருத்தத்துல மௌத்தானதெண்டுதான் உம்மா நமக்குச் சொல்லி வெச்சிருக்கா. வயலுக்குள்ள ஆனை அடிச்சது நமக்குத் தெரியுமெண்டு அறிஞ்சா அழுவா."

றபீக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மகன், இன்னும் என்ன பாக்கக் கிடக்கு?"

முர்ஷித் ராத்தாவைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ஒண்டுமில்ல உம்மா. எல்லாம் பாத்திட்டம்."