மனை பார்க்கப் போன வேன்

பம்பிலிருந்து கொட்டிய தண்ணீரை எல்லோரும் கையேந்திக் குடித்தார்கள். உம்மல் குல்சும் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள்.

லாரியில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பியிருப்பார்கள். அவளுக்குத் தெரியாதா?

சூலூர் தாண்டி, போன போகம்வரை சோளம் விளைந்த காடு. தட்டறுத்த அடிக்கட்டைகூட இன்னும் மக்கவில்லை. அதற்குள் வரிசையாக வெள்ளைக் கல் நட்டு, கல்லுக்குக் கல் நம்பர் எழுதி, ஏதோ ஒரு நகர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

காந்திபுரத்திலிருந்து வேன் இலவசம். மதியம் பிரியாணிப் பொட்டலமும் இலவசம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அந்த இலவசம்தான் அவளை முதலில் உறுத்தியது.

அவள் கணவர் அப்துல் குத்தூஸுக்குச் சந்தேகமே வராது. டவுன்ஹால் பக்கம் நடைபாதையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பூட்டு ரிப்பேர் செய்கிற மனிதர், சொந்த வீட்டை ஒரு நாளாவது ஒழுங்காகப் பூட்டிவிட்டு வந்ததில்லை. ஆகவே இருபது வருடமாக இரண்டு பேருக்கான சந்தேகத்தையும் அவளே பட்டுக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்பட்டது. அவள் மடியில், வளையல் விற்ற பணம் கைக்குட்டையில் முடிந்திருந்தது.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஊரில் ஆள் பெருத்துவிட்டது. மில்லுக்கும் பட்டறைக்கும் எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்குகிறார்கள். குல்சுமும் குத்தூஸும் இருக்கும் ஒற்றை அறைக்கு இரண்டு மடங்கு வாடகை கொடுக்க மூன்று பேர் தயாராக இருக்கிறார்களாம். இந்தப் பணமும் போய்விட்டால் இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக்கூட வழியில்லை.

"இன்னும் அஞ்சே வருசத்துல கோயமுத்தூரே இங்க வந்துருமுங்க," என்றார் சஃபாரி போட்ட கம்பெனிக்காரர்.

சூலூர்க்காரர்கள் எங்கே போவார்களோ என்று குல்சும் நினைத்துக்கொண்டாள். தலைக்கு மேலே விமானப்படை விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. கம்பெனிக்காரர் அதையும் ஒரு வசதிபோலக் கைநீட்டிக் காட்டினார்.

கேட்க அவளிடம் நிறைய இருந்தது. இத்தனை ஆண்களுக்கு நடுவே வாய் வரவில்லை.

அப்போதுதான் அந்தக் கட்டம்போட்ட சட்டைக்காரர் முன்னால் வந்தார். வரும்போது வேனில் அவளுக்கு முன் ஸீட்டில், யாரோடும் பேசாமல் உர்ரென்று உட்கார்ந்திருந்தவர்.

"ஏனுங்க, லாரித் தண்ணிய ஊத்தி வெச்சுப்போட்டு எங்களுக்குப் படம் காட்டறீங்களா?"

குல்சுமுக்குப் பாயசம் குடித்ததுபோல் இருந்தது.

அவர் அதோடு விடவில்லை. மூலப்பத்திரம் எங்கே என்றார். வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்றா என்றார். பாதை எத்தனை அடி என்று கேட்டுவிட்டு, சொன்னதை நம்பாமல் தானே காலால் அளந்தார். அவள் மனதில் ஒரு கேள்வி எழுந்தால் அடுத்த நிமிடம் அது அவர் வாயிலிருந்து வந்தது. கம்பெனிக்காரருக்கு நெற்றி வேர்த்துவிட்டது.

கடைசியில், பம்புத் தண்ணீரே வேண்டாம் என்று வேலி தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனார். வேனில் வந்தவர்கள் பொட்டலத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"தண்ணி நல்லாத்தானுங்க இருக்குது," என்றார், பிடிக்காத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பவர்போல.

முதல் மனையை அவர்தான் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கம்பெனிக்காரர் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மேஜையைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். கல்லெல்லாம் தீர்ந்துவிடுமோ என்று குல்சுமுக்கே பயம் வந்துவிட்டது. முடிச்சை அவள்தான் அவிழ்த்தாள்.

"நல்லா ரோசன பண்ணிக்கிட்டியா கண்ணு?" என்றுகூடக் கேட்டார் குத்தூஸ். வாழ்நாளில் முதல் தடவையாக.

திரும்பும்போது எல்லோருக்கும் கண் சொருகியது. முடிச்சு இருந்த இடத்தில் இப்போது ரசீது இருந்தது. பின் ஸீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும், வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

டிரைவருக்கு யார் வீடும் தெரியாது. ஒண்டிப்புதூரில் யார் இறங்குவது என்று கேட்டார். சிங்காநல்லூரிலும் கேட்டார். ஒரு அம்மாள் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் நிறுத்தச் சொன்னதற்கு, இடம் தெரியாமல் தாண்டிப்போய் ரிவர்ஸ் எடுத்தார்.

கட்டம்போட்ட சட்டைக்காரர் ஜன்னலில் தலையைச் சாய்த்து நல்ல தூக்கத்தில் இருந்தார். பாவம், எல்லோருக்காகவும் பேசிய மனிதர். நாளைக்குப் பக்கத்து மனையில் வீடு கட்டப்போகிறவர், எந்த ஊர் என்று கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும் என்று குல்சும் நினைத்தாள்.

ராமநாதபுரம் தாண்டியதும் வேன் மெயின் ரோட்டை விட்டு ஒரு சந்துக்குள் இறங்கியது. டிரைவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு திருப்பம் திரும்பினார். குழாயடியை ஒட்டிய ஓட்டு வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

கட்டம்போட்ட சட்டைக்காரர் விழித்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப்போனார்.

"நல்ல மனுசன். அவரு மட்டும் இல்லைன்னா நம்மள நல்லா ஏமாத்தியிருப்பாங்க," என்றார் குத்தூஸ்.

குல்சும் திரும்பி அந்த ஓட்டு வீட்டைப் பார்த்தாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை அவரைத் தவிர வேறு யாருமே குடிக்கவில்லை.

வேன் மறுபடியும் மெயின் ரோட்டுக்கு வந்தது. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க எங்கீங்க எறங்கோணும்?"