தொலைந்த ஆட்டு மெட்டு

"இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டார்யா," என்று பல்லைக் கடித்தாள் எய்லி.

அவள் போர்ட் கல்லன் பிடில் சங்கத்தின் செயலாளர். ஆரம்பித்தவர் லாக்லன். படகுத்துறையில் படகுகளைக் கயிற்றில் கட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அவர் ஆரம்பித்தது 'பாதிரியாரின் தொலைந்த ஆடு'. சங்கம் தடை செய்திருந்த மெட்டு.

தடைக்குக் காரணம் இருந்தது. ஸ்காட்லாந்தில் பிடில் பிடித்த கைக்கெல்லாம் அந்த மெட்டு தெரியும். சனிக்கிழமை மதியம் ஓட்டலின் பின்னறையில் நாங்கள் இருபத்தோரு பேர் கூடினால், ஆளுக்கு ஒரு தடவை அதையே ஆரம்பிப்போம். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்தாலே, "ஆட்டு மந்தை வந்தாச்சா?" என்பார்கள்.

"நமக்குன்னு ஒரு தரம் வேண்டாமா?" என்று தலைவர் ஃபார்க்கர்தான் தீர்மானம் கொண்டுவந்தார். அவர் கால்நடை மருத்துவராக இருந்தவர். எல்லோரும் கை தூக்கினோம். லாக்லனும் தூக்கினார்.

அடுத்த சனிக்கிழமை மூன்றரை மணிக்கு அவரே ஆரம்பித்தார்.

ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்கிவிட்டால் அவரைத் தனியாக விடுவது மரியாதை இல்லை. அது தீர்மானத்தைவிடப் பழைய சட்டம். வேறு வழியில்லாமல் இருபது பேரும் சேர்ந்துகொண்டோம், சாவு வீட்டு முகத்தோடு.

வழக்கமாக ஒரு மெட்டை மூன்று சுற்று வாசிப்போம். அன்றைக்கு ஏழு சுற்று போனது.

"ஏழு எதுக்கு?" என்று எய்லி குறிப்பேட்டைத் திறந்தாள்.

"அவனுக்கே அலுத்துப் போகணும்னுதான்," என்றார் ஃபார்க்கர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "அப்படியே எழுதிக்கோ."

பிறகு எல்லோரும் லாக்லனைத் திட்டினோம். "ஏம்பா, முப்பது வருஷமா வாசிக்கிறே. வேற ஒண்ணுமே தெரியாதா உனக்கு?"

"கை தானா போயிடுது," என்பார் அவர்.

பதினோரு சனிக்கிழமை இப்படியே நடந்தது. பன்னிரண்டாவது வாரம் இன்வர்னெஸ்ஸிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலும் மூன்றரைக்கு ஆட்டை அவிழ்த்துவிட்டார் லாக்லன். விருந்தாளிகளும் சேர்ந்துகொண்டதில் ஒன்பது சுற்று ஆகிவிட்டது.

"மானம் போச்சு," என்றார் ஃபார்க்கர். "லாக்லன், நீ இனிமே வர வேண்டாம்."

"சரிப்பா," என்று பிடிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை மூன்றரை மணி வந்தது. யாரும் எதையும் ஆரம்பிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எய்லி பிடில் வில்லுக்குப் பிசின் தடவினாள், தடவினாள், தடவிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் ஃபார்க்கர் ஏதோ பழைய ஏட்டிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு மெட்டை எடுத்துத் தனியாக ஆறு நிமிஷம் வாசித்தார். ஓட்டல்காரரின் நாய் எழுந்து வெளியே போனது.

அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு பேர் வந்தோம். அதற்கும் அடுத்த வாரம் ஐந்து பேர். மற்றவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் மணிக்கட்டு வலி.

"தடையை எடுத்துடலாமா?" என்று எய்லி மெதுவாகக் கேட்டாள்.

"தடையை எடுத்தா ஊர் சிரிக்கும்," என்றார் ஃபார்க்கர். "தடை இருக்கட்டும். அதை மீற ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

"அப்ப லாக்லனை மன்னிச்சுக் கூப்பிடலாம்."

"ஆமா. நம்ம பெருந்தன்மைதான் அது."

மூன்று பேர் கிளம்பினோம்: ஃபார்க்கர், எய்லி, நான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. லாக்லன் வீட்டு வாசலுக்கு வந்ததும் கால்கள் நின்றுவிட்டன.

உள்ளே பிடில் வாசிக்கும் சத்தம். நிதானமான மெட்டு. எங்கள் மூவரில் யாரும் கேட்டதே இல்லை. எய்லியின் கண் கலங்கிவிட்டது. நனைவது தெரியாமல் அது முடியும்வரை நின்றோம்.

கதவைத் திறந்தது அவர் மனைவி யூனா.

"ரேடியோவா?" என்று கேட்டாள் எய்லி.

"அவர்தான். தினமும் ரெண்டு மணி நேரம் வாசிப்பார். நானூறு மெட்டாவது தெரியும்."

ஃபார்க்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தயார் செய்து வந்ததைச் சொன்னார். "லாக்லனை மன்னிச்சுட்டோம்னு சொல்ல வந்தோம். அந்த ஆட்டு மெட்டு மேல அவனுக்கு அவ்வளவு ஆசைன்னா வந்து வாசிக்கட்டும். நாங்க பொறுத்துக்கிறோம்."

யூனா சிரித்துவிட்டாள். "ஆசையா? சமையல் பண்ணும்போது நான் அதை லேசா முணுமுணுத்தாலே கோழிக்கூண்டுப் பக்கம் போய் உட்கார்ந்துடுவார். அந்த மெட்டைக் கண்டாலே ஆகாது அவருக்கு."

இதற்குள் லாக்லன் கையில் பிடிலோடு வாசலுக்கு வந்திருந்தார்.

"அப்புறம் எதுக்குய்யா வாராவாரம் அதையே ஆரம்பிச்சே?" என்றார் ஃபார்க்கர்.

லாக்லன் கொஞ்சம் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"மூணரை மணி ஆனா உங்க எல்லார் காலும் அந்தத் தாளத்துக்குத் தரையில தட்ட ஆரம்பிச்சுடும். பார்க்கவே பாவமா இருக்கும். யாராவது ஒருத்தன் கெட்ட பேர் வாங்கிக்கிட்டாத்தானே மத்தவங்க நிம்மதியா வாசிக்க முடியும்?"