மாமனாரின் நிபந்தனை

“வீடு என் பொண்ணு பேர்ல மட்டும்தான் இருக்கணும், மாப்பிள்ளை. உங்க பேரு அதுல எங்கேயும் வரக் கூடாது.”

மாமனார் இதை மருமகனின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஓடாமல் நின்றிருந்த மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். மருமகன் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மாடி ஏற்றிவிடுகிறவனுக்குச் சொந்தமாகத் தரையில்கூட ஓர் அறை இல்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். இப்போதுதான் சின்னதாக ஒரு ஃபிளாட் அமைந்திருந்தது. வங்கி கடன் தரச் சம்மதித்துவிட்டது, முன்பணம்தான் இடித்தது. திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

முன்பணத்தைத் தான் தருவதாக மாமனாரே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் இருந்தவரை இருவருமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. அதை வாங்கிக்கொள்வதற்கே கூனிக் குறுகி மனைவியோடு வந்து உட்கார்ந்திருந்தான் மருமகன்.

“மாசா மாசம் தவணை கட்டப் போறது நான், மாமா,” என்றான், சிரிக்க முயன்றபடி. “ரெண்டு பேர் பேர்லயும் இருந்துட்டுப் போகட்டுமே?”

“அதெல்லாம் சரிப்படாது. அப்புறம்...” மாமனார் தொண்டையைச் செருமினார். மகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “அப்புறம், கடன் அடைஞ்சு பத்திரம் கைக்கு வந்தாலும் அது என் பொண்ணுகிட்டதான் இருக்கணும். நீங்க அதைத் தொடக் கூடாது.”

“திடீர்னு ஏன் மாமா இப்படி?”

“திடீர்னு இல்ல. நாட்டு நடப்பு அப்படி இருக்கு.”

மருமகனுக்குக் காது சூடேறியது. போன வருஷம் கூட்டாளி ஒருவனுக்கு அவன் ஜாமீன் கையெழுத்துப் போட்டதும், கூட்டாளி கம்பி நீட்டியதும், அந்தக் கடனுக்கு மனைவியின் வளையல்கள் போனதும் மாமனாருக்குத் தெரியாது. தெரிந்துவிட்டதோ? சேச்சே, இருக்காது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. வளையல் போன அன்றுகூட, “போனா போகுதுங்க, விடுங்க” என்று சொல்லி அவனைச் சாப்பிட வைத்தவள். ஒன்றும் தெரியாமலேயே இந்த மனுஷர் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார் என்றால் என்ன அர்த்தம்?

மனைவியைப் பார்த்தான். ஒரு தம்ளர் கழுவாமல் கிடந்தால்கூட அப்பாவோடு மல்லுக்கு நிற்கிறவள், இன்று குனிந்த தலை நிமிராமல் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். பெற்ற அப்பாவே புருஷனை அவமானப்படுத்தினால், பாவம், அவள்தான் என்ன செய்வாள்? அவள் வெட்கப்படுவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்னை என்னன்னு நெனச்சீங்க மாமா? வீட்டை வித்துத் தின்னுட்டு ஓடிடுவேன்னா? உங்க பணமே வேணாம். நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!”

ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகளால் மாமனார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கீழே நிக்கிறேன், வா” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் அவன் வெளியேறினான்.

இரண்டு மாடி இறங்குவதற்குள் கோபமும் இறங்கிவிட்டது. பிறகு வந்ததெல்லாம் வெட்கம்தான். பெண் கேட்டு வந்த அன்று, “பையன் கையெல்லாம் கிரீஸ்” என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தபோது, “உழைக்கிற கைதானே, கழுவினா போயிடும்” என்று அவர்கள் வாயை அடைத்தவர் இதே மனிதர். அவரைப் போய் இப்படிப் பேசிவிட்டோமே என்று தன் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றியது.

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில்தான் என்ன தப்பு? யார் அழுதாலும் இளகிப் போகிற தன் லட்சணம் தனக்குத் தெரியாதா? வீடு அவள் பேரில் இருந்தால் எந்தக் குடி முழுகிவிடும்? அவ்வளவு நடந்த பிறகும் தன்னை ஒரு நாளும் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அவள்தானே!

காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்து மறுபடியும் படியேறினான். கதவு ஒருக்களித்திருந்தது. தட்டப்போன கை, உள்ளே கேட்ட குரலில் அப்படியே நின்றது.

“நாக்கு கூசிடுச்சும்மா.” மாமனார் அழுதுகொண்டிருந்தார். “தங்கமான பிள்ளை. இனிமே அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?”

“தங்கமானவர்தான்ப்பா. யார் வந்து பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிற தங்கம்,” என்றாள் மகள். “நான்தான் உங்களை இப்படிப் பேசச் சொன்னேன்னு மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது.”